யார்கிட்ட கேட்டீங்க? – வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல கம்பெனி, சம்பளம், நியாயம், படிப்புன்னே வந்திருக்கு. பெங்களூர்ல இருந்துட்டு வேற என்னத்த கேப்போம், காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் நம்ம பொழப்பு அதுலதான ஓடுது. இருபத்தெட்டு வருஷம் காலேஜ்ல சோஷியாலஜி, அதான் சமூகவியல், சொல்லிக்குடுத்தவ, அந்த படிப்புல இருந்து எனக்கு தெரிஞ்சத வச்சு பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: டீச்சர், எங்க மொதலாளி வருஷா வருஷம் மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருந்து சபரிமலைக்கு போறவரு. ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு எங்களுக்கு வேட்டி சட்ட எடுத்து குடுப்பாரு. ஆனா சம்பளம் மட்டும் எந்த மாசமும் 15 தேதிக்கு முன்ன கைக்கு வந்ததில்ல. இவ்ளோ பக்தி உள்ள மனுஷனுக்கு இது எப்படி உறுத்தாம இருக்கு? – வாசகர், பீன்யா

அண்ணே, இதே கேள்விய வேற மாதிரி பெரிய பெரிய ஆளுங்க கேட்டிருக்காங்க. ஜெர்மனில மேக்ஸ் வெபர்னு ஒருத்தர், 1904, 1905ல எழுதுனாரு, கிறிஸ்துவத்துல ஒரு பிரிவோட கட்டுப்பாடான வாழ்க்கைதான் ஐரோப்பால முதலாளித்துவம் வளர ஒரு காரணம்னு. பின்னாடி இந்தியாவ பத்தியும் எழுதுனாரு, இங்க சாதியும் கர்மாவும் இருக்கறதால அந்த மாதிரி தொழில் வளர்ச்சி தானா முளைக்காதுன்னு. அவரு இந்தியாவுக்கு வந்தது கெடையாது, எல்லாம் புஸ்தகம் படிச்சு எழுதுனதுதான். அப்புறம் 1960கள்ல மில்டன் சிங்கர்னு அமெரிக்காக்காரர் ஒருத்தர் நேரா மெட்ராசுக்கு வந்து அங்க இருந்த தொழிலதிபருங்கள உக்கார வச்சு பேசுனாரு. பக்தி தொழிலுக்கு தடையாவே இல்லையே, எப்படின்னு பாத்தா, அவங்க வாழ்க்கைய ரெண்டு அறையா பிரிச்சு வச்சிருந்தாங்க. வீடு ஒரு அறை, ஃபேக்டரி இன்னொரு அறை. வீட்ல ஆச்சாரம், ஃபேக்டரில இங்கிலீஷ், மெஷினு, எந்த சாதிக்காரனோடயும் ஒண்ணா உக்காந்து வேல. நேரம் இல்லைன்னா பூஜைய ஐயர்கிட்டயோ வீட்டுக்காரம்மாகிட்டயோ விட்டுடறது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம ஓடுச்சுன்னு சிங்கர் எழுதுனாரு, அத ஒரு திறமையாத்தான் அவரு பாத்தாரு.

உங்க மொதலாளிக்கும் அந்த ரெண்டு அறை இருக்கு, நடுவுல சுவரும் இருக்கு. மலைக்கு போறப்ப பொய் சொல்லக்கூடாது, செருப்பு போடக்கூடாதுன்னு இருக்கிற பட்டியல்ல 'ஏழாந்தேதிக்குள்ள கூலி குடு'ன்னு ஒண்ணு இல்ல பாருங்க. ஆனா எனக்கு சிங்கர் மேல எப்பவும் ஒரு குறை உண்டு, அவரு அந்த ரெண்டு அறைய பத்தி கேட்டதெல்லாம் மொதலாளிங்ககிட்ட, அந்த ஃபேக்டரி வாசல்ல நின்ன ஃபிட்டர்கிட்ட கேட்டிருந்தா சுவர் எங்க எழும்பியிருக்கு, அதுக்கு யாரு வெல குடுக்கறாங்கன்னு வேற கதை வந்திருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம், சம்பளம் ஏழு நாளைக்குள்ள குடுக்கணும்ங்கிறது அவரு கருணைல விட்ட விஷயம் இல்ல, 1936லயே சட்டம் போட்டுட்டாங்க, இப்ப அதுக்கு பதிலா வந்திருக்கிற சட்டத்துலயும் அந்த ஏழு நாள் இருக்கு. நாலஞ்சு பேர் சேந்து ஒரு தாள்ல எழுதி கையெழுத்து போட்டு மொதல்ல அவருகிட்டயே குடுங்க. வேலைக்காகலன்னா பன்னர்கட்டா ரோட்டுல இருக்கிற கார்மிக பவன். ஒத்தையா மட்டும் போகாதீங்க.

கேள்வி: வணக்கம் மேடம். நான் எலக்ட்ரானிக் சிட்டில ஒரு கம்பெனில ஹெச்.ஆர்.ல இருக்கேன். ஃப்ரெஷர் இண்டர்வ்யூல கடைசியா 'ஃபேமிலிய பத்தி சொல்லுங்க'ன்னு கேப்போம், அப்பா என்ன பண்றாரு, எந்த ஊரு, அந்த மாதிரி, ஒரு ஃப்ரண்ட்லியா இருக்கட்டும்னுதான். போன வாரம் ஆரணி பக்கத்துல இருந்து வந்த ஒரு பையன் அந்த கேள்விக்கு அப்புறம் முகமே மாறி, அதுவரைக்கும் நல்லா பேசிட்டிருந்தவன் திக்கிட்டான். எனக்கு ரெண்டு நாளா மனசு சரியில்ல. அது தப்பான கேள்வியா? – வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

தம்பி, ரெண்டு நாள் மனசு சரியில்லாம இருந்துச்சுன்னு எழுதுனீங்க பாருங்க, அதுக்காகவே உங்களுக்கு நீளமா எழுதறேன்.

ஆமா, தப்பான கேள்வி. நீங்க கெட்ட எண்ணத்துல கேட்டீங்கன்னு நான் சொல்ல வரல, அந்த கேள்வி என்ன வேல செய்யுதுன்னு பாத்தவங்க இருக்காங்க. 2007ல ஒரே வார இதழ்ல இது சம்பந்தமா அடுத்தடுத்து மூணு ஆய்வு வந்துச்சு. ஒண்ணு சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் பண்ணது. என்ன பண்ணாங்கன்னா பேப்பர்ல வர்ற தனியார் கம்பெனி வேல விளம்பரத்துக்கு ஒரே தகுதி, ஒரே மாதிரி படிப்பு உள்ள விண்ணப்பங்கள அனுப்புனாங்க, பேரு மட்டும் வேற வேற. ஒண்ணுல உயர்சாதின்னு தெரியற பேரு, ஒண்ணுல தலித்னு தெரியற பேரு, ஒண்ணுல முஸ்லிம் பேரு. 66 வாரம், 548 விளம்பரம், 4,808 விண்ணப்பம். உயர்சாதி பேருக்கு கூப்பிடற வாய்ப்ப 1ன்னு வச்சா தலித் பேருக்கு 0.67, முஸ்லிம் பேருக்கு 0.33. ஆளே நேர்ல போகல, முகத்த பாக்கல, பேச்ச கேக்கல, பேருக்கே இவ்ளோ.

ரெண்டாவது ஆய்வு உங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். சுரிந்தர் ஜோத்காவும் கேதரின் நியூமனும் டெல்லி பக்கத்து கம்பெனிகள்ல 25 ஹெச்.ஆர். மேனேஜருங்ககிட்ட பேசுனாங்க. எல்லாரும் மெரிட் மெரிட்னுதான் பேசியிருக்காங்க, சாதி பாக்கறதில்லன்னு சொல்லியிருக்காங்க, அத பொய்யா சொல்லல, நம்பித்தான் சொல்லியிருக்காங்க. அதே மூச்சுல ஃபேமிலி பேக்ரவுண்ட் ரொம்ப முக்கியம்னும் சொல்லியிருக்காங்க. நல்ல குடும்பத்து பையன்னா பொறுப்பா இருப்பான், படிச்ச அப்பா அம்மான்னா பழக்க வழக்கம் நல்லா இருக்கும்னு. சாதின்னு ஒரு வார்த்த கூட வரல, ஆனா சாதி பாத்தா என்ன கெடைக்குமோ அது கெடச்சிடுது. மூணாவது ஆய்வு அஸ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் டெல்லில படிச்சு முடிச்சு வேல தேடுன பிள்ளைங்ககிட்ட பேசுனது. ஒரே மாதிரி படிச்ச பிள்ளைங்கதான், ஆனா இந்த குடும்பக் கேள்வி வசதியான வீட்டுப் பிள்ளைக்கு சும்மா பேச்சு, தலித் பிள்ளைக்கு அதுதான் இண்டர்வ்யூலயே கஷ்டமான கேள்வி. போதாக்குறைக்கு இடஒதுக்கீட்ட பத்தி நீ என்ன நெனைக்கறன்னு வேற அந்த பிள்ளைங்கள கேட்டிருக்காங்க.

இப்ப நம்ம தமிழ்ப் பிள்ளைங்க விஷயத்துக்கு வர்றேன். 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னாடி இருக்கிற சாதிப்பட்டத்த விட்டுடணும்னு தீர்மானம் போட்டாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நம்ம ஊர்ல அப்பா பேரோட மொத எழுத்துதான் இனிஷியல்னு ஆயிடுச்சு. அதால நம்ம பசங்க பேர பாத்தா ஒண்ணும் தெரியாது. நல்லதுதான். ஆனா பெங்களூருக்கு வந்தா ஃபார்ம்ல சர்நேம்னு ஒரு கட்டம் இருக்கு, அங்க அப்பா பேர எழுதுறான், எழுதுனத பாத்துட்டு 'இது சர்நேமா?'ன்னு கேக்கறாங்க. பேர்ல கெடைக்காத தகவல பேச்சுல தேடறாங்க. எந்த ஊரு, ஊர்ல எந்த தெரு, வெஜ்ஜா நான்வெஜ்ஜா, வீட்ல எந்த சாமி. என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, ரொம்ப கெட்டிக்காரி, ஒரு கம்பெனி இண்டர்வ்யூல 'அப்பா என்ன பண்றாரு'ன்னு கேட்டதுக்கு 'மாநகராட்சில வேல'ன்னு சொன்னா. 'எந்த டிபார்ட்மெண்ட்?'னு அடுத்த கேள்வி. அவ அப்பா தெரு கூட்டறவரு. அவரோட சம்பளத்துலதான் படிச்சா, அவரு மேல உசுரா இருக்கிறவ, அன்னைக்கு ஒரு நிமிஷம் வாய் தெறக்க முடியாம உக்காந்திருந்தத என்கிட்ட வந்து சொல்லி அழுதா, வேல போச்சேன்னு அழல, அப்பாவ சொல்ல தயங்கிட்டேனேன்னு அழுதா. உங்க ஆரணி பையன் முகம் மாறுனதுக்கு என்ன காரணம்னு எனக்கு தெரியாது, ஆனா அந்த மாதிரி ஏதோ ஒண்ணு அங்க இருந்திருக்கும்.

தனியார் கம்பெனிக்கு இடஒதுக்கீட்டு சட்டம் கெடையாது, அதால வாசல்ல நிக்கிற ஆளு நீங்கதான். மேல என்ன நெலமன்னா, நம்ம நாட்டுல பெரிய 1,000 கம்பெனியோட டைரக்டருங்க பட்டியல எடுத்து 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, 9,000 பேருக்கு மேல, அதுல 93 சதவீதம் உயர்சாதிக்காரங்க. வாசல்ல கேக்கற சின்ன சின்ன கேள்வியெல்லாம் சேந்து மாடில போய் நிக்கிற கணக்கு அது.

செய்ய வேண்டியது சிக்கலானது இல்ல. குடும்பக் கேள்விய எடுத்துடுங்க, ஃப்ரண்ட்லியா இருக்கணும்னா தண்ணி குடுங்க, பஸ் கெடச்சுதா, இல்ல மெட்ரோல வந்தியான்னு கேளுங்க. எல்லாருக்கும் ஒரே கேள்விகள, ஒரே வரிசைல கேளுங்க, ஒவ்வொரு பதிலுக்கும் அங்கயே மார்க் போடுங்க, மத்த பேனல்காரங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி போடுங்க. இப்படி பண்ற இண்டர்வ்யூதான் யாரு நல்லா வேல செய்வாங்கன்னு கண்டுபிடிக்கறதுலயும் மேலுன்னு உளவியல் ஆய்வுகள் ரொம்ப காலமா சொல்லுது, அதால இத மேலிடத்துல பேசறது உங்களுக்கு கஷ்டமா இருக்காது. அந்த பையன செலக்ட் பண்ணீங்களா இல்லையான்னு நீங்க எழுதல. மார்க் ஷீட்ட திரும்ப எடுத்து பாருங்க, கடைசி கேள்விக்கு முன்னாடி வரைக்கும் அவன் எப்படி இருந்தான்னு பாருங்க.

கேள்வி: டீச்சரம்மா, நான் பொம்மனஹள்ளில கார்மெண்ட்ஸ்ல டெய்லர். நாங்க தைக்கற துணிய வாங்கற பையர் கம்பெனில இருந்து ஆடிட்டுக்கு, அதான் ஃபேக்டரி ஒழுங்கா நடக்குதான்னு பாக்க, வந்தா மொத நாளே சூப்பர்வைசர் வந்து என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுத்துடுவாரு. ஓ.டி. கெடையாது, திட்டறதில்ல, தண்ணி குடிக்க விடறாங்கன்னு சொல்லணும். நாங்களும் அப்படியே சொல்லிடறோம். பொய் சொல்றமேன்னு எனக்கு பாவமா இருக்கு. – வாசகி, பொம்மனஹள்ளி

அம்மா, அந்த பாவம் உன்னுது இல்ல. நான் எம்.ஏ. படிக்கறப்ப ஒரு ஃபேக்டரிக்கு கேள்வித்தாள் எடுத்துட்டு போனேன், லைன் பக்கத்துலயே நின்னு 'சம்பளம் திருப்தியா'ன்னு கேட்டேன், முப்பது பேரும் திருப்தின்னாங்க, எனக்கு ஒரே சந்தோஷம் முப்பது ஃபார்மும் நெறஞ்சிடுச்சுன்னு. என் புரொஃபசர் ஒரே கேள்விதான் கேட்டாரு, 'எங்க நின்னு கேட்ட, பக்கத்துல யாரு இருந்தா?' அந்த முப்பது தாளையும் தூக்கிப் போட்டுட்டு, ஞாயித்துக்கிழம அவங்க வீட்டுப் பக்கம் போய், தண்ணி லாரி வர்ற எடத்துல உக்காந்து பேசுனப்பதான் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு.

ஆடிட்ட நம்பி உசுரு போன கதை இருக்கு. 2012 செப்டம்பர்ல கராச்சில ஒரு துணி ஃபேக்டரி எரிஞ்சு 250 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கு சில வாரம் முன்னாடிதான் அந்த ஃபேக்டரிக்கு தொழிலாளர் பாதுகாப்புக்கான சர்வதேச சான்றிதழ் குடுத்திருந்தாங்க. தீ எப்படி பிடிச்சிருந்தாலும் கதவும் ஜன்னலும் தெறந்திருந்தா அத்தன பேர் செத்திருக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் ஏப்ரல் 24, டாக்காகிட்ட ராணா பிளாசா இடிஞ்சு 1,100 பேருக்கு மேல போனாங்க. மொத நாளே சுவத்துல விரிசல், கீழ இருந்த பேங்க்காரங்க மறுநாள் ஆளுங்கள வர வேண்டாம்னுட்டாங்க, மேல தச்சிட்டிருந்தவங்கள மட்டும் உள்ள வர வச்சாங்க. விரிசல பாத்தவங்க அந்த தையல்காரங்கதான், அவங்க பேச்சுதான் எடுபடல.

உங்க ஊர்க்காரங்க பேச்சு எடுபட்டதும் நடந்திருக்கு. 2016 ஏப்ரல் ஞாபகம் இருக்கா, நீ அப்ப வேலைல இருந்தியோ என்னவோ. பி.எஃப்.ல மொதலாளி கட்ற பங்க 58 வயசு வரைக்கும் எடுக்க முடியாதுன்னு மத்திய அரசு விதிய மாத்துச்சு. பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரி செலவு, ஊர்ல கூரை மாத்தறதுன்னு எல்லாத்துக்கும் அந்த காசதான் கண்ணுல வச்சிருந்தாங்க பொம்பளைங்க. 18ஆம் தேதி பொம்மனஹள்ளிலயும் ஓசூர் ரோட்டுலயும் ஆயிரக்கணக்குல வந்து உக்காந்துட்டாங்க, பெரிய தலைவருன்னு யாரும் கூப்பிடல, மறுநாளும் நின்னாங்க, 19ஆம் தேதியே விதிய வாபஸ் வாங்குனாங்க. அதுல நடுவுல கல்லடி, தீவைப்பு, போலீஸ் தடியடின்னு நடந்ததும் உண்மை, அத மறைச்சு எழுத மாட்டேன். ஆனா இத்தன வருஷம் அத்தன பேரு அவங்கள ஆடிட் பண்ணி ஒருத்தருக்கும் தெரியாத விஷயம், பி.எஃப். காசு அவங்களுக்கு என்னன்னு, அந்த ரெண்டு நாள்ல நாட்டுக்கே தெரிஞ்சுச்சு.

நீ ஆடிட்டர்கிட்ட ஃபேக்டரிக்குள்ள உண்மைய சொல்லி மாட்டிக்காத. சில பையர் கம்பெனி புகார் நம்பர் ஒட்டி வச்சிருப்பாங்க, வெளிய இருந்து, உன் ஃபோன் இல்லாம வேற ஃபோன்ல கூப்பிடு. எந்த தேதி எத்தன மணி வரைக்கும் இருந்தேன்னு வீட்ல ஒரு நோட்டுல எழுதிட்டே வா. பெங்களூர்ல கார்மெண்ட்ஸ் பொம்பளைங்களுக்குன்னே சங்கம் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட விசாரிச்சா வழி சொல்வாங்க.

கேள்வி: எங்க ஆபீஸ்ல கல்ச்சர் ட்ரெய்னிங்னு ரெண்டு நாள் நடந்துச்சு. இந்தியாவுக்கு ஏதோ 77 மார்க், அதனால நாம பாஸ்கிட்ட 'முடியாது'ன்னு சொல்ல மாட்டோம்னு ஸ்லைடு போட்டாங்க. நெஜமாவா? – வாசகர், மாரத்தஹள்ளி

அது ஹாஃப்ஸ்டெட்னு ஒரு டச்சுக்காரர் போட்ட கணக்கு. 1967ல இருந்து 1973 வரைக்கும் ஐ.பி.எம். ஊழியர்ங்ககிட்ட ஒரு லட்சத்துக்கு மேல ஃபார்ம் வாங்கி, நாட்டுக்கு நாடு மார்க் போட்டாரு. அதிகாரம் மேல கீழன்னு இருக்கறத எவ்ளோ தூரம் ஏத்துக்கறாங்கங்கிறதுல இந்தியாவுக்கு 77. இப்ப நீங்களே யோசிங்க, அந்த காலத்து இந்தியால ஐ.பி.எம்.ல வேல செஞ்சவங்க யாரு, எத்தன பேரு? 1978ல அந்த கம்பெனியே இங்கருந்து கெளம்பி போயிடுச்சு, அப்புறம் பல வருஷம் கழிச்சுதான் திரும்ப வந்துச்சு. மார்க் மட்டும் போகாம ஸ்லைடுலயே உக்காந்திருக்கு. மேல சொன்ன கார்மெண்ட்ஸ் பொம்பளைங்க ரோட்டுல உக்காந்தாங்களே, அவங்க இந்தியா இல்லையா? நீங்க மேனேஜர்கிட்ட 'முடியாது'ன்னு சொல்லாததுக்கு காரணம் கலாச்சாரமா, அப்ரைசலா, வீட்டு லோனான்னு மனசத் தொட்டு பாருங்க. கலாச்சாரம்னு ஒண்ணு இல்லைன்னு நான் சொல்லல, அதுதான் என் பாடமே. ஆனா பயத்துக்கு கலாச்சாரம்னு பேரு வச்சுட்டா அப்புறம் அத யாரும் சரி பண்ண வேண்டியதில்ல பாருங்க.

கேள்வி: அக்கா, எங்க தாத்தா விருதுநகர்ல இருந்து வந்து அல்சூர்ல மளிகைக்கடை போட்டவரு. பொதுக் காரியத்துக்காக மூட்டைக்கு இவ்ளோன்னு மகமை எடுத்து வைப்பாருன்னு அப்பா சொல்லுவாரு. இப்ப கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்க சமூக சேவைக்கு செலவு பண்ணி சி.எஸ்.ஆர்.னு செய்யறாங்களே, ரெண்டும் ஒண்ணுதானா? – வாசகர், அல்சூர்

இந்த கேள்விய படிச்சதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம் தம்பி. பிசினஸ் எத்திக்ஸ்னு புஸ்தகம் போடறதுக்கு ரொம்ப முன்னாடியே விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் அந்த பக்கத்து ஊர்கள்ல உறவின்முறைன்னு சாதிச் சங்கம் வச்சு, ஏத்தற எறக்கற சரக்குக்கு இவ்ளோன்னு கணக்கா மகமை எடுத்தாங்க. லாபம் வந்தா குடுக்கறதில்ல, யாவாரம் நடந்தாலே குடுக்கணும். அந்த காசுல வண்டி மாடு நிறுத்த பேட்டை, கெணறு, கோயில், பள்ளிக்கூடம். விருதுநகர்ல 1889ல தொடங்குன சத்திரிய வித்யாசாலா அந்த மாதிரி வந்ததுதான், வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வச்சு நடத்துனாங்க, காமராசர் படிச்சது அங்கதான்.

சி.எஸ்.ஆர். சட்டத்துல வந்தது. 2013 கம்பெனி சட்டம் 135ஆவது பிரிவு, 2014 ஏப்ரல்ல இருந்து அமல். நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஒண்ணு இருந்தா கடைசி மூணு வருஷ லாபத்தோட சராசரில 2 சதவீதம் செலவு பண்ணணும். பெருசா பாத்தா ரெண்டு வித்தியாசம். மகமையா குடுத்த காசு எங்க போச்சுன்னு உங்க தாத்தா கூட்டத்துல எழுந்து கேக்கலாம், கணக்கு காட்டியே ஆகணும், ஏன்னா குடுத்தவனும் வாங்கிக்கிட்டவனும் ஒரே தெருக்காரன். சி.எஸ்.ஆர்.ல கட்டுன கழிப்பறைய பயன்படுத்தற பிள்ளைக்கு அந்த கேள்விய கேக்க ஒரு எடம் இல்ல. இன்னொண்ணு மகமைக்கு பாதகமானது, அதையும் சொல்லணும், அது பெரும்பாலும் தன் சாதிக்குள்ளயே சுத்துன காசு, கோயிலுக்குள்ள விடல, கெணத்துல எறைக்க விடலன்னு அடிபட்ட ஒரு சமூகம் தன்னத்தானே தூக்கிவிட செஞ்சது, அந்த காலத்துக்கு அதுக்கு நியாயம் இருந்துச்சு. சி.எஸ்.ஆர். எந்த சாதிக்கும் போலாம்.

ஆனா சட்டத்துல ஒரு வரி இருக்கு, சொந்த ஊழியருக்கு மட்டும் பலன் தர்ற செலவு சி.எஸ்.ஆர்.ல சேராதுன்னு. சரியான வரிதான், இல்லைன்னா சம்பளத்தயே சேவைன்னு கணக்கு எழுதிடுவாங்க. அதே கம்பெனில காண்ட்ராக்ட்ல பாத்ரூம் கழுவுற அம்மாவுக்கு என்ன கூலி போகுதுங்கிறத அந்த 2 சதவீத ரிப்போர்ட்டுல நான் ஒரு நாளும் பாத்ததில்ல. எந்த கம்பெனிய பத்தியும் நல்ல கம்பெனியான்னு என்னக் கேட்டா அந்த அம்மாகிட்ட போய் கேளுன்னுதான் சொல்லுவேன்.

கேள்வி: பி.யு.சி. முடிச்சுட்டேன், சோஷியாலஜி படிக்கணும்னு ஆச. வீட்ல 'அத படிச்சு என்ன பண்ணுவ, பி.காம். எடு'ன்னு சண்டை. – வாசகி, ஸ்ரீராம்புரம்

கண்ணு, வீட்ல கேக்கறது நியாயமான பயம், அத தள்ளிவிடாத. சோஷியாலஜி படிச்சா என்.ஜி.ஓ., சர்வே கம்பெனி, ஹெச்.ஆர்., மக்கள் எப்படி ஒரு பொருள பயன்படுத்தறாங்கன்னு பாக்கற யூசர் ரிசர்ச் வேலை, டீச்சர் வேலை, ஐ.ஏ.எஸ். தேர்வுல விருப்பப் பாடம்னு வழி இருக்கு. மொத சம்பளம் பி.காம்.காரங்கள விட கம்மியா இருக்கலாம், கூடவே கம்ப்யூட்டர்ல புள்ளிவிவரம் போடறதயும் கத்துக்கோ. எதுக்கு படிக்கணும்னு கேட்டா நான் எம்.என். ஸ்ரீனிவாஸ் கதைய சொல்லுவேன். மைசூர்ல பொறந்தவரு, கடைசி காலம் நம்ம பெங்களூர்லதான் இருந்தாரு. ஓட்டு வங்கின்னு இன்னைக்கு டீக்கடைல பேசறோமே, அத மொதல்ல எழுதுனவரு அவருதான். 1948ல மைசூர் பக்கத்துல ஒரு கிராமத்துல போய் தங்கி அங்க யாரு யார்கிட்ட கடன் வாங்கறாங்க, பஞ்சாயத்துல யாரு பேச்சு நிக்குதுன்னு பாத்து எழுதுனாரு. வருஷக்கணக்கா ஒழுங்கு பண்ணி வச்சிருந்த குறிப்பு மூணு செட்டும் 1970 ஏப்ரல்ல அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டுல அவரு இருந்தப்ப யாரோ வச்ச தீல எரிஞ்சு போச்சு. அப்புறம் ஞாபகத்துல இருந்தே அந்த கிராமத்த எழுதுனாரு, 1976ல புஸ்தகமா வந்துச்சு. மனுஷங்கள அந்த அளவுக்கு உத்துப் பாக்க சொல்லிக்குடுக்கற படிப்பு இது, இதோட அப்பாகிட்ட போய் பேசு, முடியலன்னா பி.காம். சேந்துட்டு எம்.ஏ.க்கு இந்த பக்கம் வா, வழி அடைச்சுடாது.

கேள்வி: மேம், நான் பிஹெச்.டி. பண்றேன், கே.ஜி.எஃப்.ல, அதான் கோலார் தங்கவயல்ல, இருந்து தினமும் ட்ரெயின்ல பெங்களூருக்கு வேலைக்கு வந்து போறவங்கள பத்தி. யாரும் பேச மாட்டேங்கறாங்க, சம்மதப் படிவத்த நீட்டுனாலே நகந்துடறாங்க. ஒரு பெரியவரு 'எத்தன பேருப்பா எழுதிட்டீங்க, எங்களுக்கு என்ன வந்துச்சு'ன்னு கேட்டாரு. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. – ஆய்வு மாணவர், பெங்களூர்

அவரு கேட்டதுக்கு பதில் இல்லாம நீ படிவத்த நீட்டக்கூடாது. நூறு வருஷத்துக்கு மேல வட ஆற்காடு பக்கத்துல இருந்து போன நம்ம ஜனம், பெரும்பாலும் தலித் ஜனம், மூணு கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் எறங்கி தங்கம் எடுத்து குடுத்துச்சு. 2001 பிப்ரவரி 28ஓட சுரங்கத்த மூடிட்டாங்க. மூடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவங்க எத்தன தாள்ல கையெழுத்து போட்டிருப்பாங்கன்னு யோசி. தாள்னாலே ஏதோ ஒண்ணு போகப் போகுதுன்னு அர்த்தம் அவங்களுக்கு.

உன் காலேஜ் எத்திக்ஸ் கமிட்டிகிட்ட வாய்மொழி சம்மதத்துக்கு அனுமதி கேளு, காரணத்த எழுதிக் குடுத்தா குடுப்பாங்க. ட்ரெயின்ல பேட்டி எடுக்காத, விடிகாலைல எழுந்து சோறு கட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு அந்த ரெண்டு மணி நேரம்தான் தூக்கம், சீட்டு கட்டு, பாட்டு எல்லாம். ஒரு மாசம் நீயும் சும்மா சீசன் டிக்கெட் எடுத்து அங்க இருக்கிற மாரிகுப்பம் ஸ்டேஷன்ல இருந்து போயிட்டு வா, நோட்ட வெளிய எடுக்காத. அவங்க தமிழ்லயே பேசு, உன் கேள்வில 'வாழ்வாதாரம்'னு இருந்தா 'பொழப்பு'ன்னு மாத்து. பேர எங்கயும் எழுதாத, கம்பெனி பேரு தெரியற மாதிரி ஒரு விவரமும் வராம பாத்துக்கோ, காண்ட்ராக்ட்ல ஹவுஸ்கீப்பிங் செய்யறவங்களுக்கு ஒரு வரி போதும் வேல போக.

அந்த பெரியவர்கிட்ட திரும்பப் போ. 'ஒண்ணும் வராதுங்க ஐயா, எனக்கு பட்டம் வரும், உங்களுக்கு என்னால வேல வாங்கித் தர முடியாது'ன்னு உள்ளத சொல்லு. எழுதி முடிச்சப்புறம் தமிழ்ல பத்து பக்கம் தனியா எழுதி கொண்டுபோய் படிச்சுக் காட்டறேன், தப்பு இருந்தா நீங்க சொல்லுங்க திருத்தறேன்னு சொல்லு, சொன்னா செய். அதுக்கப்புறமும் அவரு பேச மாட்டேன்னா விட்டுடு, பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுட்டு வந்துடு. படிச்சுக் காட்டற அன்னைக்கு முடிஞ்சா எனக்கும் ஒரு வார்த்த சொல்லு, நானும் வர்றேன், மாரிகுப்பம் ட்ரெயின்ல போயி ரொம்ப வருஷமாச்சு.